சேர்த்து வைத்து அனுப்பியவள்

நான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவன். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் போகிறவர்களைக் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். யார் வைத்தியத்துக்குப் போகிறார், யார் கல்யாணத்துக்குப் போகிறார், யார் வீட்டில் சொல்லாமல் ஓடுகிறார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளைக் கண்டுபிடிக்க அவ்வளவு திறமை வேண்டாம். முதுகில் ஒரு பை, அந்தப் பையைக் கீழே வைக்காத கவனம், பக்கத்தில் பெருமையும் கலக்கமுமாக ஒரு அப்பா. "மெயின்லேண்டுல வேலை கெடச்சிருக்கு சார்" என்று அவர்தான் சொல்வார். பையன் சொல்லமாட்டான், ஏற்கெனவே சென்னையில் இறங்கிவிட்ட முகத்தோடு நிற்பான்.

அதனால் கம்ப்யூட்டர் படிக்கும் இந்திராணி, லம்பா லைன் பகுதியில் இருக்கும் என் வீட்டுப் பின்பகுதிக்கு வாடகைக்கு வந்தபோது, இவளுக்கும் ஒருநாள் டிக்கெட் போட்டுக் கொடுக்கப்போவது நான்தான் என்று நினைத்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவளிடமே அதைச் சொன்னேன்.

"போடுறப்ப பாத்துக்கலாம் அண்ணே. இப்ப தண்ணி எந்த நேரத்துக்கு வரும்னு சொல்லுங்க" என்றாள்.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும் என்றேன். அன்றைக்கே பெரிய டிரம் ஒன்று வாங்கிவந்து பின்வாசலில் வைத்தாள். சேர்த்து வைப்பதில் அவள் கெட்டிக்காரி என்று என் மனைவி செல்லத்துக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. அந்தக் கெட்டிக்காரத்தனமே பின்னால் அவள் காலை வாரிவிடும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அவளுடைய அம்மா அங்கம்மா பிறந்தது இலங்கை மலையில், ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில். விவரம் தெரியாத வயதில் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச காலம் முகாமில் வைத்திருந்துவிட்டு, ரப்பர் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று நிக்கோபாரில் இருக்கும் கச்சால் தீவுக்கு இன்னொரு கப்பலில் ஏற்றினார்கள். அங்கேதான் யோகராஜைக் கல்யாணம் செய்தது, இந்திராணி பிறந்தது எல்லாம். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சுனாமி வந்தது. வீடு போயிற்று, அண்ணன் ஒருவனும் போனான். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நானும் கேட்டதில்லை. மறுபடியும் ஒரு கப்பல். சுற்றிச் சுற்றிக் கடைசியில் நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்தில் வந்து நின்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் யோகராஜ் காய்கறிக் கடை போட்டார். அங்கிருந்து கம்ப்யூட்டர் படிக்கத்தான் இந்திராணி போர்ட் பிளேருக்கு வந்தாள்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இன்டர்நெட் சாட்டிலைட் வழியாகத்தான் வரும். வரும் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு படம் முழுதாகத் திறப்பதற்குள் செல்லம் காபி போட்டு, ஆற்றி, குடித்தும் முடித்துவிடுவாள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இன்டர்நெட்டில் வீடியோ பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில், இந்திராணிக்குப் பாடம் கப்பலில் வந்தது. உண்மையாகவே கப்பலில்தான். கூடப் படித்த ரூபா என்ற பெண் மேல்படிப்புக்குச் சென்னை போயிருந்தாள். அவள் ஒரு ஹார்ட் டிஸ்கில் பாட வீடியோக்களை நிரப்பி, போர்ட் பிளேருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். பாதி நேரம் அது முறுக்குப் பொட்டலத்துக்கும் மல்லித்தூளுக்கும் நடுவில் வந்து சேரும். அதைத் திறந்தால் லேப்டாப்பே மசாலா மணக்கும் என்று செல்லம் கேலி செய்வாள்.

இந்திராணி எல்லாவற்றையும் பார்ப்பாள். சந்தேகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைப்பாள். தான் எழுதிய புரோகிராமைத் திரும்பத் திரும்பத் தானே ஓட்டிப் பார்த்து, தானே திட்டிக்கொண்டு, தானே திருத்துவாள். எல்லாம் சுத்தமான பிறகுதான் அதே டிஸ்கில் போட்டு அடுத்த கப்பலில் ரூபாவுக்கு அனுப்புவாள். ஏனென்றால் ஒரு தப்போடு போனால், அது தப்பு என்று தெரிந்துகொள்வதற்கே அடுத்த கப்பல் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் அதற்கும் அடுத்தது.

படிப்பு முடிந்ததும் நந்தகுமாரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். நந்தகுமார் டூரிஸ்டுகளுக்குப் படகு டிக்கெட்டும் அறையும் பிடித்துக் கொடுக்கிறவன். லைன் போய்விட்டால் அவன் கடையில் கூச்சல் தாங்க முடியாது. இந்திராணி அவனுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். லைன் இல்லாதபோது பதிவுகளையெல்லாம் கடைக் கம்ப்யூட்டரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், லைன் வந்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். "லைன் இல்லன்னா பர்வா நை, கவலயே இல்ல" என்று நந்தகுமார் காலை ஆட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். பக்கத்துக் கடைக்காரர்களும் அவளைத் தேடி வந்தார்கள். அவளுக்கும் பெருமை. இருக்காதா?

பிறகு கடலுக்கடியில் சென்னையிலிருந்து கேபிள் வந்தது. கொரோனா வருடம் அது. ஊரே வீட்டுக்குள் அடைந்துகிடந்த நேரத்தில் திடீரென்று இன்டர்நெட் ஓட ஆரம்பித்தது. அடுத்த இரண்டு வருடத்தில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்பது மெயின்லேண்டுக்காரர்களுக்கும் பழகிப்போனது. இந்திராணி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மனுப்போட்டாள். மருந்துக்கடைகளுக்குப் பில் போடுகிற, சரக்கு பார்க்கிற சாஃப்ட்வேர் செய்கிறவர்கள்.

இன்டர்வியூ வீடியோவில். எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம், விமானம் இறங்கினால் ஜன்னல் ஆடும். கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்று இறங்கியது. இந்திராணி ஒரு விரலைத் தூக்கி, "ஒரு நிமிஷம் சார், பிளேன் போய்க்கிறட்டும்" என்று நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துவிட்டார். ஸ்ரீதர் என்று பெயர், அந்தக் குழுவுக்குத் தலைவர். வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள். சரியாக வந்தால் போர்ட் பிளேரிலிருந்தே நிரந்தரம். இல்லாவிட்டால் சென்னைக்கு வந்து உட்காரவேண்டும், அல்லது கிளம்பவேண்டும்.

"பேசாம இப்பவே நீ சென்னைக்குப் போயிடேன். அங்கதானே பெரிய ஆளாக முடியும்?" என்று நான் கேட்டேன்.

"எங்க குடும்பத்துல எல்லாரையும் யாரோ ஒருத்தர் ஏத்தி அனுப்பியிருக்காங்க அண்ணே. நான் போனா, எனக்குப் போகணும்னு தோணி போகணும்" என்றாள். நான் எழுந்து போய் அவள் டிரம்மில் தண்ணீர் நிரம்பிவிட்டதா என்று பார்த்தேன்.

நாலு மாதம் நன்றாகவே போயிற்று. சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார்கள், முடித்துக் கொடுத்தாள். ஐந்தாவது மாதத்தில் முதல்முறையாக ஒரு பெரிய பகுதியை முழுதாக அவளிடம் விட்டார்கள். விற்காத மருந்துகளைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புகிற பகுதி. இதைச் சரியாக முடித்தால் நிரந்தரம் என்று ஸ்ரீதரே சொல்லியிருந்தார். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செல்லம் சோற்றைத் தட்டில் போட்டு ஜன்னல் வழியாக நீட்டுவாள். கேட்டால், "ஆய்க்கிட்டு இருக்குக்கா, முடிஞ்சதும் ஒரேயடியா காட்டுறேன்" என்பாள்.

அவர்கள் வேலை செய்கிற முறையை அவள் பிறகு எனக்கு விளக்கினாள். நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். எல்லோருடைய வேலையும் வந்து சேருகிற பொது இடம் ஒன்று உண்டு. அன்றன்றைக்குச் செய்ததை அன்றன்றைக்கே அங்கே போட்டுவிடவேண்டும், அரைகுறையாக இருந்தாலும். மற்றவர்கள் போட்டதையும் எடுத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். நம்ம ஆள் இரண்டையும் செய்யவில்லை. வாரக்கணக்கில் தனியாகவே எழுதி, தனியாகவே இழைத்து, ஒரு வெள்ளிக்கிழமை மொத்தத்தையும் கொண்டுபோய்க் கொட்டினாள். இதற்கிடையில் மற்றவர்கள் அடியில் பலதையும் மாற்றியிருந்தார்கள். எங்கெல்லாம் இரண்டும் முட்டிக்கொண்டதோ, அங்கெல்லாம் தன்னுடையதையே வைத்துக்கொண்டாள். பத்துமுறை சரிபார்த்தது தன்னுடையதுதானே என்ற நம்பிக்கை. அவசர வேலை என்று அதை அன்றே கடைகளுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

காலாவதியான மருந்தைப் பில்லில் சேர்த்தால் சாஃப்ட்வேர் தடுக்கவேண்டும். முருகானந்தம் என்ற சக ஊழியர் அதில் இருந்த ஒரு ஓட்டையை அப்போதுதான் அடைத்திருந்தார். இந்திராணி கொட்டியதில் அந்த அடைப்பு அழிந்துபோய், தடுக்கிற வேலையே நின்றுவிட்டது. சனிக்கிழமை ஒரு மருந்துக்கடைக்காரர், பழைய இருமல் மருந்து ஒன்றைக் குழந்தைக்கு வாங்கிப் போனவரைத் தெருவரை ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறார். நல்லவேளை, கண்ணில் பட்டது.

ஸ்ரீதர் கூப்பிட்டார். சுவர் மெல்லியது, எனக்கும் கேட்டது.

"இத்தனை நாளா ஏன் எதையுமே அனுப்பல? வேற எங்கயாவது வேலை பாக்கறீங்களா?"

"இல்ல சார். முழுசா முடிச்சிட்டு அனுப்பலாம்னு..."

"முழுசா முடிச்சிட்டு அனுப்பறதுக்கு இது என்ன கடிதமா? ஒரு குழந்தைக்கு என்ன வேணா ஆகியிருக்கும். நீங்க எதை மறைக்கறீங்கன்னு எனக்குப் புரியல. மாசக் கடைசிக்குள்ள சென்னை வந்து என் முன்னாடி உக்காருங்க. இல்லைன்னா இதோட முடிச்சுக்கலாம்."

அன்றைக்கு அவள் விளக்குப் போடவில்லை. அந்தக் குழந்தையின் நினைப்புதான் அவளுக்கு முதல் காயம். மறைக்கிறாள் என்று சொன்னது அதற்கடுத்த காயம். ரங்கத்துக்குப் போன் செய்தாள். அங்கம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாளாம். "தப்பு செஞ்சிருக்கன்னா போய் ஒத்துக்க. போகணும்னு தோணுச்சுன்னா போ. ஏத்தி விட்டாங்கன்னு மட்டும் போயிறாத புள்ள" என்றாளாம்.

மறுநாள் சாப்பிட வரச்சொல்லி செல்லம் அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். கூடத்தின் நடுவில் ஒரு அட்டைப்பெட்டி. மதுரையில் இருக்கும் தங்கைக்குச் செல்லம் அனுப்பப்போகிற பெட்டி அது. ஏலக்காய், கிராம்பு, மாசிக் கருவாடு, தங்கை மகள் கேட்ட சிப்பிப் பொம்மை, பொங்கலுக்கு எடுத்த புடவை. பொங்கல் போய்ச் சித்திரையே வந்துவிட்டது.

"இன்னுமா அனுப்பலக்கா? கூரியர்ல போட்டா நாலு நாள்ல போயிருமே" என்று இந்திராணி கேட்டாள்.

"இருக்கட்டும்டி, எல்லாம் சேரட்டும். அரைப்பெட்டியா அனுப்புனா நல்லாவா இருக்கும்?"

இந்திராணி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, போகப் போக அழுகையாகிவிட்டது. செல்லம் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கப்பலுக்குக் காத்திருந்து வாழ்கிறவர்களைத் தெரியும். தீவில் யாரும் அரைப்பெட்டி அனுப்பமாட்டோம். எங்கள் பரணில் புளி மூட்டையாகத்தான் இருக்கும், சேதியும் அப்படித்தான் போகும். கேபிள் வந்து கடலைத் தாண்டிவிட்டது. எங்கள் கை இன்னும் கப்பலுக்குத்தான் காத்திருக்கிறது.

அன்று மாலையே அவள் ஸ்ரீதரைக் கூப்பிட்டாள். செல்லத்தின் பெட்டியைச் சொன்னாள், முறுக்கோடு வந்த ஹார்ட் டிஸ்க்கைச் சொன்னாள். "எதையும் மறைக்கல சார். அரைகுறையா காட்டுறதுன்னா எனக்கு வெக்கம். அனுப்பிட்டா திருத்த முடியாதுன்னே பழகிட்டேன். அது தப்பு, என் தப்புதான். முருகானந்தம் சார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுட்டேன். ஒரு மாசம் குடுங்க. தினம் சாயங்காலம் என்ன இருக்கோ அப்படியே போடுறேன். ஒரு நாள் தவறினாலும் நானே நின்னுக்கிறேன்" என்றாள்.

ஸ்ரீதர், "ஒரு மாசம். அதுவரைக்கும் நீங்க போடறது எதுவும் முருகானந்தம் பாக்காம கடைக்குப் போகாது" என்றாராம்.

அந்த மாதம் அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கடைகளிலிருந்து எடுத்துவிட்ட அந்தப் பகுதியை மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். புரோகிராம் எழுதுவது அவளுக்குக் கஷ்டமில்லை. சாயங்காலம் ஆனதும், பாதியில் நிற்கிற வேலையை நாலு பேர் பார்க்கும்படி வைப்பதுதான் கஷ்டம். பொத்தானை அழுத்துமுன் எழுந்து துணி மடிப்பாள், துடைத்த தரையையே மறுபடி துடைப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவாள். முருகானந்தம் திருத்தம் சொல்லி அனுப்புவார். கோபமாக இருப்பாரோ என்று பயந்தாள். அவரோ, "இது பரவாயில்ல, இதைவிட நான் மோசமா எழுதுவேன்" என்று ஒருநாள் எழுதியிருந்தார். அதை என்னிடம் காட்டவே கவுண்டர் வரைக்கும் வந்துவிட்டாள்.

மாதம் முடிய இருக்கிற சமயத்தில் புயல் சின்னம். இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. மொபைல் செத்துவிட்டது, இன்டர்நெட்டும் இல்லை. கப்பல்கள் துறைமுகத்திலேயே நின்றதால், தேதி மாற்ற வந்த கூட்டம் என் கவுண்டரில் நெரிந்தது. சாயங்காலம் நனைந்த கோழி மாதிரி இந்திராணி உள்ளே வந்தாள்.

"அண்ணே, உங்க லேண்ட்லைன் இருக்கா?"

இருந்தது. இருந்த ஒரே போன் அதுதான், அதுவும் வரிசைக்கு நேர் எதிரில். கம்பி வலை வழியாக ரிசீவரை நீட்டினேன். ஸ்ரீதர் எடுத்தார். இரைச்சலில் அவள் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"சார், லைன் இல்ல, அனுப்ப முடியல. வாயால சொல்லிர்றேன். திருப்பி அனுப்புற பக்கம் பாதிதான் ஆச்சு. கூட்டல் தப்பா வருது, ஏன்னு எனக்குத் தெரியல. ஆமா சார், தெரியல! நேத்து நான் மாத்துனதுதான் காரணமோன்னு சந்தேகமா இருக்கு!"

வரிசையே அவளைப் பார்த்தது. தன் தப்பைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொல்கிற பெண்ணை அவர்கள் அதுவரை பார்த்திருக்கமாட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர், "அரே பஹன், ஜல்தி கரோ" என்று இந்தியில் அவசரப்படுத்தினார். இந்திராணி திரும்பி, "தோ மினிட், பாயி" என்றுவிட்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். ரிசீவரை வைக்கும்போது அவள் முகத்தில் வெட்கம் இல்லை. இத்தனை வருடத்தில் அந்த முகத்தை அன்றுதான் அவ்வளவு லேசாகப் பார்த்தேன்.

நிரந்தரமானது. இங்கிருந்தேதான். அதற்கடுத்த வருடம் அவளுக்குக் கீழே மூன்று பேரைக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி ரங்கத்துப் பெண், சித்ரா. புதிதாகச் சேருகிறவர்களிடம் இந்திராணி முதல் நாளே, "அரைப்பெட்டியா அனுப்புங்க" என்பாளாம். சென்னைக்காரர்களுக்கு அது விளங்காது. சித்ராவுக்கு விளங்கிவிட்டதாம்.

போன மாதம் ஒருநாள் அவள் என் கவுண்டர் வரிசையில் நின்றாள். வீட்டிலேயே சொல்லியிருக்கலாம், ஆனாலும் வரிசையில்தான் நின்றாள். முதுகில் பை.

"சென்னைக்கு ஒண்ணு அண்ணே. அடுத்த கப்பல்."

"கூப்பிட்டுட்டாங்களா?"

"யாரும் கூப்பிடல. கூட வேலை பாக்குறவங்க ஒருத்தரையும் நேர்ல பாத்ததில்ல. மருந்துக்கடையில உக்காந்து அவங்க எப்படி பில் போடுறாங்கன்னு பாக்கணும்னு தோணுச்சு. ஒரு மாசம் இருக்கலாம்னு நானேதான் கேட்டேன்."

பிளேனில் போகலாமே என்றேன். கப்பலில் போகவேண்டும் போலிருக்கிறது என்றாள். நான் டிக்கெட்டைப் போட்டேன். எத்தனையோ பேருக்குப் போட்ட எனக்கு, இந்த ஒருத்திக்குப் போட மனம் வரவில்லை. டிக்கெட்டை நீட்டினேன். அவள் நகரவில்லை.

"இன்னும் முடியல அண்ணே. வர்றதுக்கும் ஒண்ணு போடுங்க."

"அத அங்க போய் எடுத்துக்கலாமேம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"இல்ல, இங்கயே வேணும். கையில வச்சுக்கிட்டு ஏறணும்."

போட்டேன். இரண்டு டிக்கெட்டையும் கவுண்டர் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அங்கேயே படம் எடுத்து ரங்கத்துக்கு அனுப்பினாள். வீட்டுக்குப் போய் நிதானமாக அனுப்பக்கூடாதா என்று கேட்டேன். "எதுக்குச் சேத்து வைக்கணும்?" என்றாள்.

உடனே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவில் அங்கம்மாவின் குரல்.

"என்னா புள்ள ரெண்டு டிக்கெட்டு? கூட யாரு வாறா?"

"யாரும் வரலம்மா. ஒண்ணு போறதுக்கு. இன்னொண்ணு திரும்பி வாறதுக்கு."

அங்கம்மா, "திரும்பி வாறதுக்கா?" என்று மறுபடி கேட்டாள். மூன்று கப்பல் ஏறியவள் அவள். அவளுக்கு ஒருவரும் அப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை.

"ஆமாம்மா. தேதியும் போட்டிருக்கு பாருங்க."

அங்கம்மா அழுவது கவுண்டர் முழுக்கக் கேட்டது. இந்திராணி இரண்டு டிக்கெட்டையும் எடுத்துப் பையின் உள்ளறையில் வைத்து, ஜிப்பை இழுத்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.